பாசி மேயும் நத்தைகள்

ஜூன் 9

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் வாயால் சொல்ல, பயிற்சியம்மா கையால் எழுதுகிறார். என் மகனுக்குக் கைகால் நீவிவிட வருகிறவர். தன் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அவரே சொன்னார், நான் எங்கே கண்டேன்? நீ எப்படி இருக்கிறாய்? மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? உனக்கு ஃபோனில் காது கேட்காது. எனக்குக் காகிதத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. நம்மைப் பெற்றவள் இரண்டு அரை ஆளுக்குப் பதிலாக ஒரு முழு ஆளைப் பெற்றிருக்கலாம்.

உன் மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். லிஃப்ட் குழிக்குள் விழுந்தவன் உயிரோடு வந்ததே பெரிது என்று அவன் கம்பெனிக்காரர்கள் பழக்கூடையோடு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பேசுவதில்லை. கூடத்தில் அவனுடைய கடல் மீன் தொட்டிக்கு எதிரே கட்டில் போட்டிருக்கிறேன். பொழுதெல்லாம் அதை மட்டும்தான் பார்க்கிறான். அது நன்றாக இருந்தால் இவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பான். எனக்கு வேறு பிடிமானம் இல்லை.

ஆனால் தொட்டி நன்றாக இல்லை. கண்ணாடியில் பாசி. கல்லின் மேல் தலைமுடி மாதிரிப் பச்சை. இத்தனை நாள் அவனோடு வேலை பார்த்தவன் ஒருவன் வந்து பார்த்துக்கொண்டான், அவனையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். என் கை அடிவரை எட்டவில்லை. எட்டிய இடத்தில் ஒரு பவளத்தை உடைத்தேன், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பாசியைத் தின்று தொட்டியைத் துப்புரவாக வைக்கும் பூச்சி பொட்டு ஏதோ உண்டு என்று முன்பு சொல்லியிருக்கிறான். இங்கே கடையில் நத்தைக்கு விலை கேட்டேன். நத்தை என்ன நகையோடு வருகிறதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நீ வளர்ப்பு மீன் கடைக்காரி. மலிவாக ஏதாவது வழி சொல்.

உன் அண்ணன்

ஜூன் 17

மரியாதைக்குரிய அண்ணாவுக்கு,

எண்ணெய் தேய்க்கிறேன். மூட்டு பரவாயில்லை. காது அப்படியேதான். வருகிறவர்கள் பேரம் பேசும்போது மட்டும் இன்னும் சுத்தமாகக் கேட்பதில்லை, அதில் எனக்கு லாபம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

மருமகன் வீடு வந்தது கேட்டு நெஞ்சு நிறைந்தது. கல்யாணம் பண்ணிக்கடா என்றால் தொட்டியைக் காட்டிச் சிரிப்பான். எனக்குக் கடையில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைக்கக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். பொறுமையாக, ஒவ்வொன்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டுவான். அத்தை, அத்தை என்று அவன் வாய் அசைவது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

பூச்சி பொட்டு என்று எழுதியதை என் நத்தைகளிடம் சொல்லவில்லை. மலிவு என்றால் நத்தையை மிஞ்ச ஆளில்லை, அண்ணா. உருண்டை நத்தை கண்ணாடியையும் கல்லையும் மேயும். இன்னொரு குட்டி நத்தை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். மீன் தின்று மிச்சம் விழுந்தால் மூக்கை நீட்டிக்கொண்டு எழுந்து வரும், வீட்டில் எந்த வேலைக்கும் வராமல் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவன் மாதிரி. கடல் அட்டை வேண்டாம். மலிவுதான், ஆனால் செத்தால் தொட்டியில் உள்ள எல்லாரையும் கூட்டிக்கொண்டு சாகும், நம் பெரியப்பா குணம்.

இரண்டு வகை நத்தையும் ஈரத்துணியில் சுற்றி அனுப்புகிறேன். விலை கேட்டால் அடுத்த பார்சல் வராது. வந்ததும் அப்படியே கொட்டிவிடாதே. வாளியில் வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கு. உப்பு மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதச் சொல்.

தங்கச்சி

ஜூலை 2

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலம் என்று இந்த முறை வாய் நிறையச் சொல்கிறேன். நீயும் அப்படியே இரு.

நத்தைகள் வந்தன. சொன்னபடி சொட்டுச் சொட்டாகப் பழக்கினேன். உன் கடிதம் முழுக்க எனக்கு மனப்பாடம், ஒரு தரம் படித்துக் கேட்டால் போதும், உனக்குத் தெரியுமே. நீ ஏழு வயதில் குளியல் வாளியில் தவளையை வைத்துவிட்டு, அப்பா அடிக்க வந்தபோது “அது குளிக்க வந்திருக்குப்பா” என்றது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

நேற்று ஒரு உருண்டை நத்தை கல்லிலிருந்து மண்ணில் மல்லாந்து விழுந்தது. நான் கவனிக்கவில்லை. அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து, “அப்பா, அதைத் திருப்பி விடுங்க” என்று குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று வெளியே எட்டிப் பார்த்தேன். தங்கச்சி, அவன்தான். அடிபட்ட பிறகு முதல் பேச்சு. “அதுவா திரும்பாதுப்பா, செத்துரும்” என்றான். நான் கைவைத்துத் திருப்பினேன். சட்டை தோள்வரை நனைந்து, சிரித்துக்கொண்டே நின்றேன். பயிற்சியம்மா இதை எழுதும்போது மூக்கை உறிஞ்சுகிறார். சளி என்கிறார்.

உப்பு மீட்டர், கட்டிலை இழுத்துப் போட்டபோது நொறுங்கிப்போனது. அதற்குக் கவலைப்படாதே. ஐஸ் ஃபேக்டரியில் ஆயுள் முழுக்க உப்புத் தண்ணீர்த் தொட்டி மேல் நின்றவன் நான். மேஸ்திரி மீட்டரை எடுப்பதற்குள் நாக்கில் வைத்துச் சொல்லிவிடுவேன், உப்பு ஏறியதா இறங்கியதா என்று. அந்த ஒரு விஷயத்தில் யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

உன் அண்ணன்

ஜூலை 13

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் கல்லாவில் வைத்திருக்கிறேன். வியாபாரம் மந்தமானால் எடுத்துப் படிக்கிறேன். அவன் பேசிவிட்டான். இனி நிறையப் பேசுவான்.

சங்கு நண்டு கொஞ்சம் அனுப்புகிறேன். காலிச் சங்குக்குள் குடியிருந்துகொண்டு, பாறை இடுக்கில் உள்ள பாசியைப் பிய்த்துத் தின்னும். பெரிய சங்காகக் காலிச் சங்குகளும் வைத்திருக்கிறேன், வீடு மாற்றிக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று அடித்து வீட்டைப் பிடுங்கும். வேடிக்கையாக இருக்கும், அவனுக்குப் பிடிக்கும்.

நாக்கு நாக்கு என்று பீற்றிக்கொள்ளாமல் ஒரு மீட்டர் வாங்கு. உனக்கும் வயசாகிறது, நாக்குக்கும்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கச்சி

ஆகஸ்ட் 6

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் மருமகனும் சௌக்கியம். நண்டுகள் நன்றாக விளையாடுகின்றன. தொட்டி பெரிது, பாசியும் அதிகம், ஆகையால் இன்னும் கொஞ்சம் நத்தை அனுப்பினால் நல்லது. அவசரமில்லை. சீக்கிரம் அனுப்பு.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 8

தங்கச்சி,

முந்தாநாள் எழுதியதை நம்பாதே. அது கூடத்தில் உட்கார்ந்து சொன்னது. பயிற்சியம்மாவுக்கு எழுத வேறு இடம் இல்லை, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலிதான். நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லும், உன் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழுகிறது. இது தெருமுனைத் தையல்காரர் கடையில் வைத்துச் சொல்வது. அவருக்கு எழுத்து மெதுவாக வரும், ஆனால் கேள்வி கேட்க மாட்டார்.

நத்தைகள் சாகின்றன. கண்ணாடியில் ஒட்டமாட்டேன் என்கின்றன. வழுக்கி விழுந்து, உடம்பு தொங்கிக் கிடக்கின்றன. திருப்பி வைத்தாலும் நகர்வதில்லை. நண்டுகள் சங்கை விட்டு வெளியே வந்து அம்மணமாகச் சாகின்றன. பெரிய சங்கு பக்கத்திலேயே கிடக்கிறது, திரும்பிப் பார்ப்பதில்லை. பவளம் சுருங்கிவிட்டது. அவன் கண்ணயரும்போது செத்ததை எடுத்துத் துணியில் சுற்றி வெளியே போடுகிறேன். விழித்ததும் எண்ணுகிறான் என்று நினைக்கிறேன். கண் ஒவ்வொரு இடமாகப் போய் நிற்கிறது.

அன்று பேசியதோடு சரி. அப்புறம் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக்கும் திறப்பதில்லை. “கொஞ்சம்டா, ஒரே வாய்டா” என்று கெஞ்சினால் கரண்டி மேல் பல்லைக் கடித்துக்கொள்கிறான். டாக்டர் மருந்து எழுதிவிட்டு, “அவருக்கே மனசு வரணும் பெரியவரே” என்றார். மனசு எந்தக் கடையில் விற்கிறது? தொட்டியைப் பார்க்காத நேரம் கூரையைப் பார்க்கிறான். அந்தக் கூரைப் பார்வைதான் எனக்குப் பயம். தொட்டியில் ஏதாவது நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், தங்கச்சி. எதுவாக இருந்தாலும் சரி. அனுப்பு.

அண்ணன்

செப்டம்பர் 11

அண்ணாவுக்கு,

பதில் தாமதம். பார்சல் இரண்டு போட்டேன், கடிதம் எழுதத்தான் கை வரவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் என் தொட்டிகளுக்கு முன்னால் நின்றேன். நான் அனுப்பிய அதே கூட்டத்து நத்தைகள் இங்கே கொழுத்துத் திரிகின்றன. வழியில் சாகவில்லை, உன்னிடம் வந்து சாகின்றன. அப்படியானால் நீ செய்கிற ஏதோ ஒன்று, அல்லது செய்யாத ஏதோ ஒன்று.

கோபப்படாதே. உன் ஞாபகசக்தியை எனக்குக் கொடு. காலையில் எழுந்ததிலிருந்து தொட்டிக்கு என்னவெல்லாம் செய்கிறாய்? என்ன போடுகிறாய், என்ன எடுக்கிறாய், எதால் துடைக்கிறாய்? அற்பம் என்று ஒன்றையும் விடாதே.

இரண்டு வாயாவது சாப்பிடுகிறானா? நீ?

தங்கச்சி

செப்டம்பர் 20

அன்புத் தங்கச்சிக்கு,

நீயும் கடையும் நலமாக இருங்கள். இது பயிற்சியம்மா எழுதுவது, கூடத்திலிருந்து.

கேட்டாய், சொல்கிறேன். எழுந்ததும் பல் விளக்கி, கையை வெறும் தண்ணீரில் கழுவுவேன், சோப்புப் போடமாட்டேன், அவன் முன்பே சொல்லியிருக்கிறான். மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி. கோமாளி மீன் இரண்டு இருந்தன, இப்போது ஒன்று. மோட்டார் ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்ப்பேன். கண்ணாடியைப் பழைய பனியனால் எட்டின மட்டும் துடைப்பேன். பனியன் துவைத்தது.

பிறகு தண்ணீர். ஒவ்வொரு நாளும் ஒரு சொம்பு குறைந்துபோகிறது. அவன் கூட்டாளி ஊர் மாறிப் போகும்போது, “குறையுற அளவுக்கு ஊத்திருங்கய்யா” என்று சொல்லி, உப்பு மூட்டையையும் காட்டிவிட்டுத்தான் போனான். மூட்டையிலிருந்து உப்பைக் கரைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, கடல் போலக் கரித்தால்தான் ஊற்றுவேன். ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலிலும் ஊற்றினேன். ஐஸ் ஃபேக்டரியிலும் இதே வேலைதானே, தினம் உப்பு போடாவிட்டால் தொட்டி சோம்பிவிடும். இங்கே தொட்டி விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. அந்தக் காலத்து மேஸ்திரி பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

இன்னொன்றும் சொல்கிறேன். நான் ஊற்றும்போது மட்டும் உன் மருமகன் மீனைப் பார்ப்பதில்லை. என் கையையே பார்க்கிறான். சொம்பு காலியாகும் வரை பார்ப்பான். அப்பன் இந்த வயதில் இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறானே என்று அவனுக்கும் உள்ளே இருக்கும் போல. இதைச் சொல்லும்போதும் பார்க்கிறான்.

உன் அண்ணன்

செப்டம்பர் 27

அண்ணா,

உறையின் மேலேயே எழுதியிருக்கிறேன், இதைத் தையல்காரர் கடையில் வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று. வீட்டில் வைத்துப் பிரித்திருந்தால் இந்த வரியோடு நிறுத்தச் சொல்.

தொட்டியிலிருந்து தினம் காற்றில் போவது வெறும் தண்ணீர். உப்பு போவதில்லை, அது உள்ளேயே நிற்கும். குறைந்ததற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நீ உப்பின் மேல் உப்பு ஊற்றியிருக்கிறாய். நத்தைகளும் நண்டுகளும் பவளமும் அதனால்தான் போயின. நீ அறியாமல் செய்தது. உனக்கு அந்த மேஸ்திரி கற்றுக்கொடுத்தது வேறு தொட்டி.

நாளையிலிருந்து கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த அளவு வடிகட்டிய நல்ல தண்ணீர் ஊற்று. மெதுவாக. ஒரே நாளில் இறக்கினால் மிச்ச மீனும் போய்விடும். மீட்டர் இந்தப் பார்சலில் இருக்கிறது, முள் பச்சைக் கோட்டில் நிற்கும்வரை செய். அங்கே கோடு இருக்கிறது, எழுத்து தெரிய வேண்டாம்.

அண்ணா, இன்னொன்றை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீயே யோசித்துவிடுவாய், உன்னால் யோசிக்காமல் இருக்க முடியாது. எனக்கு இந்த நல்ல தண்ணீர் விஷயத்தைக் கற்றுக்கொடுத்தவன் மருமகன். முதல் பாடமே அதுதான். அவனிடம் ஒன்றும் கேட்காதே. தண்ணீரை மாற்று, போதும்.

உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன், கேட்காதே.

தங்கச்சி

அக்டோபர் 16

அண்ணாவுக்கு,

கடிதம் வந்ததா? மீட்டர் உடையாமல் வந்ததா? வெறும் காகிதத்தையாவது உறையில் போட்டு அனுப்பு, இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். தபால்காரர் கடைப்பக்கம் திரும்பும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், அவர் என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார்.

தங்கச்சி

நவம்பர் 3

தங்கச்சிக்கு,

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. சுகமாக இரு.

உறையின் மேல் எழுதியதைத் தபால்காரர் படித்துச் சொன்னார், உள்ளே இருந்த கடிதத்தைத் தையல்காரர் படித்தார். பாதியில் நிறுத்தி, மெஷின் சக்கரத்தைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு மீதியைப் படித்தார். இன்னொரு தரம் படிக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். எனக்கு ஒரு தரம் போதும் என்பதுதான் என் தலையெழுத்து.

கேட்காதே என்றாய். அன்றே கேட்டேன்.

“நான் தினம் உப்புத் தண்ணி ஊத்துனது உனக்குத் தெரியுமாடா?”

“தெரியும்.”

“அது தப்புன்னும் தெரியுமா?”

“தெரியும்பா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. நத்தையைத் திருப்பி விடச் சொல்லத் தெரிஞ்சுதே.”

கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் சொன்னான். “அன்னிக்கு நீங்க சிரிச்சதைப் பார்த்தேன்பா. அப்புறம்தான் வாயை மூடிக்கிட்டேன். இந்தத் தொட்டி இருக்கிற வரைக்கும் நீங்க நம்பிக்கிட்டே இருப்பீங்க. இது போனா விட்டுருவீங்கன்னு நெனச்சேன்.”

“எதைடா விடுவேன்?”

“என்னை.”

அவன் அழவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. களைத்துப்போனவன், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் என்று கேட்பதுபோலச் சொன்னான்.

இப்போது எனக்கு எல்லாக் காலையும் திரும்பி வருகிறது, தங்கச்சி. ஒன்றுகூட மறக்கவில்லை. மழை பெய்த காலை, மின்சாரம் போன காலை, எனக்குக் காய்ச்சல் அடித்த காலை. சொம்பைச் சாய்க்கிறேன், அவன் என் கையைப் பார்க்கிறான். பெருமை என்று நினைத்தேனே. அந்தப் பார்வை ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். காய்ச்சல் அன்று மட்டும் அவன் உதடு அசைந்தது. சொல்லத்தான் வந்தானோ என்னவோ. நான் சொம்பைக் கீழே வைக்கிற அவசரத்தில் நிற்கவில்லை.

ஐஸ் ஃபேக்டரியையும் யோசித்தேன். அங்கே ஐஸ் டப்பாவைத் தூக்கும்போது உப்புத் தண்ணீரும் ஒட்டிக்கொண்டு வெளியே போகும், அதனால் போடப் போட வேண்டியிருந்தது. இங்கே எதுவும் வெளியே போகவில்லை. போட்டதெல்லாம் உள்ளேயே நின்றது. இவ்வளவுதான் வித்தியாசம், இது தெரியாத கிழவன்.

நீ சொன்னபடி தண்ணீரை மாற்றினேன். முள் பச்சைக் கோட்டில் நிற்கிறது, தையல்காரரும் வந்து பார்த்தார். ஆனால் கோமாளி மீன் அதற்கு முன்பே போய்விட்டது. சுத்தமான தண்ணீர், கல், பச்சைப் பாசி, அவ்வளவுதான் மிச்சம். பாசி மட்டும் செழிப்பாக இருக்கிறது, மேய ஆளில்லை. உன் மருமகனுக்கு மூக்கு வழியாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். பயிற்சியம்மா வருகிறார், கைகாலை நீவுகிறார், போகிறார். காகிதம் எடுப்பதில்லை. அவருக்கும் எழுதிய ஒவ்வொரு கடிதமும் ஞாபகம் இருக்கும்.

நத்தை இனி அனுப்ப வேண்டாம். நீ அனுப்பியதெல்லாம் நல்ல நத்தைகள்.

காலையில் நல்ல தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றுகிறேன். அவன் என் கையைப் பார்ப்பதில்லை. தொட்டி விளக்கைப் போடுகிறேன், கண்ணை மூடிக்கொள்கிறான். அணைக்கிறேன், திறக்கிறான். மறுபடி போடுகிறேன், மறுபடி மூடுகிறான். இப்போது எங்களுக்குள் நடக்கிற பேச்சு இது ஒன்றுதான். இன்றைக்கு விளக்கைப் போட்டு, எரியவிட்டுவிட்டுத்தான் இங்கே தையல்காரர் கடைக்கு வந்தேன்.

அண்ணன்